டீச்சரைப் பத்லி ஆக்கினார்கள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் நாலாம் வகுப்பு டீச்சர் இனிமேல் தினமும் காலையில் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே சாப்பாட்டு டப்பாவோடு நிற்பார் என்று நான் நம்பினேன். உள்ளே யாராவது ஒரு வாத்தியார் வராமல் போனால்தான் ஹெட்மாஸ்டர் வந்து அவர் பேரைக் கூப்பிடுவார், யாருமே லீவு போடாத நாளில் டீச்சர் அதே டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார் என்றும் நம்பினேன். நம்பினதோடு நின்றேனா? எங்கள் சந்து முழுவதையும் கிளப்பிவிட்டேன். உயிரோடு இருந்த ஒரு மனுஷரைச் சாகடித்தேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். ஆனால் ஒன்று. அந்த விஷயத்தில் இன்றுவரை யாரிடமும் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கிற உத்தேசமும் இல்லை.

தாராவியில் வளர்ந்த என் வயசுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சந்தில் பத்லி என்ற வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். மில்லில் வேலை நிரந்தரமாகாத ஆள். காலையில் சங்கு ஊதுவதற்கு முன்னால் மில் கேட்டில் போய் நிற்க வேண்டும். பர்மனெண்ட் ஆள் ஒருத்தன் வரவில்லை என்றால் மேஸ்திரி வெளியே வந்து ஒரு பேரைக் கூப்பிடுவான். கூப்பிட்டால் உள்ளே. கூப்பிடாவிட்டால் வீடு. என் அப்பா எட்டு வருஷமாகப் பத்லி. எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை வியாதியின் பேரைச் சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள்.

எனக்கு அதில் ஒரு லாபம் இருந்தது. அப்பா சாயங்காலம் வெறும் டப்பாவைக் கடகடவென்று ஆட்டிக்கொண்டு வந்தால் வேலை கிடைத்தது என்று அர்த்தம். காலை எட்டு மணிக்கே டப்பா கனமாகத் திரும்பி வந்தால் கிடைக்கவில்லை. கிடைக்காத நாளில் அந்த டப்பா எனக்கு. தகர வாசனை ஏறின சோறு, மூடியில் ஒட்டிக்கொண்ட நெத்திலிக் கருவாடு, ஓரத்தில் ஒரு துண்டு மாங்காய். ஆகவே, இன்றைக்கு அப்பா பேரைக் கூப்பிடக் கூடாது கர்த்தாவே என்று நான் போர்வைக்குள் ஜெபம் பண்ணின காலைகள் உண்டு. சில நாள் கர்த்தர் அதைக் கேட்டும் இருக்கிறார். இப்போது அதை நினைத்தால் அந்த நெத்திலியின் முள் இன்னும் தொண்டையில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

எங்களுடையது முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடம். தகரக் கூரை. மழை பெய்தால் டீச்சர் வாய் அசைவதைப் பார்த்தே பாடம் புரிந்துகொள்ள வேண்டும். காலையில் வகுப்பு, இடைவேளையில் பவுடர் கரைத்த பால், ஞாயிற்றுக்கிழமை அதே கூரைக்குக் கீழே யார் வீட்டுக் கல்யாணமாவது. எங்கள் சந்து ஜனங்களுக்கு ரேஷன் கார்டு பாரம் நிரப்புவது, ஊருக்குக் கடிதம் எழுதுவது, ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்துச் சொல்வது எல்லாம் எங்கள் டீச்சர்தான். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து ஒரு கறுப்புக் குடையோடு நடந்தே வருவார். வெயிலோ மழையோ, குடை திறந்தே இருக்கும். அது சிக்கிக்கொண்ட குடை, மூட வராது. வகுப்பு மூலையில் அது விரிந்தபடியே கவிழ்ந்து கிடக்கும். பேசுகிற பையனை அதன் கீழே உட்கார வைப்பார். அந்தக் குடைக்குக் கீழே எனக்கு நிரந்தர இடம் உண்டு. எங்கள் குடும்பத்தில் அப்போது பர்மனெண்டாக இருந்தவன் நான் ஒருத்தன்தான்.

டீச்சர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "இவன் நாலாம் வகுப்பைத் தாண்டட்டும், மாட்டுங்காவில் பெரிய ஸ்கூலில் சேர்ப்பது என் பொறுப்பு" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். தாண்டாவிட்டால் என்ன என்பதும் முடிவாகியிருந்தது. குர்லாவில் மாமாவின் லேத் பட்டறை. மாமா வரும்போதெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பார், ஆட்டுக்குட்டி வாங்க வந்தவர் மாதிரி. "இன்னும் ஒரு வருசம் கழியட்டும்" என்பார்.

ஆபீஸ் ரூமுக்கு வெளியே ஒரு கரும்பலகை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஹெட்மாஸ்டர் அதில் 'பணியாளர் செய்திகள்' என்று தலைப்பிட்டு முத்து முத்தாக எழுதுவார். 'டிரில் ஆசிரியர் அவர்களுக்கு இரண்டாவது பெண் மகவு. தாயும் சேயும் நலம்.' 'பியூன் அவர்களின் கால் வீக்கம் குறைந்துள்ளது.' பிள்ளைகள் அதைப் படிக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே நாங்கள் அதைத் தவிர வேறு எதையும் படித்ததில்லை. பலகையின் ஓரத்தில் ஆணியடித்து, மேலிடத்திலிருந்து வரும் மராத்திக் காகிதங்களைக் குத்தி வைத்திருப்பார்கள். டீச்சர் புண்ணியத்தில் எனக்கு அந்த எழுத்தும் கொஞ்சம் தெரியும். கொஞ்சம் தெரிந்ததுதான் வினை.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு புதுக் காகிதம். எழுத்துக் கூட்டினேன். முதலில் டீச்சர் பேர். அப்புறம் நாலைந்து நீளமான வார்த்தைகள், அவற்றைத் தாண்டிக் குதித்தேன். அப்புறம் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வார்த்தை. ப. த. லி.

வீட்டுக்கு ஓடினேன். வழியில் ஒரு செருப்பு சாக்கடையில் போனது. இன்னும் அங்கேதான் இருக்கும்.

"எம்மா, நம்ம டீச்சரைப் பத்லி ஆக்கிட்டாவ!"

அம்மா அரிசி களைந்த கையோடு எழுந்துவிட்டாள். "பதினோரு வருசமா பர்மனெண்டா இருந்தவுகளையா, லே?"

"நானே படிச்சேன். காயிதத்துல போட்டிருக்கு."

எதிர்வீட்டு அத்தை அவள் வாசலிலிருந்தே கத்தினாள். அவளுக்குக் கிட்டே வந்து பேசிப் பழக்கமில்லை. "மதினி, இது நல்லால்ல கேட்டியளா! எம் மவனுக்கு ரேசன் கார்டு எழுதித் தந்த கை அது. அந்தக் கை கேட்டுல டப்பா தூக்கணுமோ?"

அன்று அப்பாவின் டப்பா காலையிலேயே கனமாக வந்திருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "பர்மனெண்ட் ஆள பத்லியா எறக்க எவனுக்கும் அதிகாரம் கெடையாது. மில்லுல செஞ்சா யூனியன் விடாது."

"டீச்சருக்கு ஏது யூனியன்?" என்றாள் அம்மா.

அப்பா சந்துப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "இருக்கே, இம்புட்டு பேரு."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் செய்தி போய்விட்டது. ஒருத்தராவது சந்தேகப்பட்டாரா? இல்லை. எல்லாம் மில் வீடுகள். பத்லி என்று சொன்னால் அவர்களுக்குள் இன்னொரு கேள்வி எழும்பவே இடமில்லை. திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட கேட்டில் கூடுவதாக முடிவானது.

இதற்குள் நான் தனியாக ஒரு திட்டம் போட்டிருந்தேன். பெரியவர்கள் சத்தம் போடட்டும். அதற்குள் திங்கட்கிழமைக்கு டீச்சருக்கு வேலை வேண்டுமே? உள்ளே ஒரு வாத்தியார் வராமல் இருந்தால் போதும். டிரில் சாரைத் தேர்ந்தெடுத்தேன். அவரில்லாமல் யாருக்கும் நஷ்டமில்லை என்பது என் காதுகளின் அபிப்பிராயம். அவர் கல்யாணிலிருந்து ரயிலில் வந்து சயான் ஸ்டேஷனில் இறங்குவார். திங்கட்கிழமை விடிந்ததும் அங்கே பாலத்தடியில் போய் நின்றேன். மூன்று பொய்கள் தயாராக வைத்திருந்தேன். லீவு விட்டாச்சு, கூரை பறந்துபோச்சு, ஸ்கூலில் அம்மை போட்டிருக்கு. அவர் மீசையைப் பார்த்ததும் மூன்றும் ஓடிவிட்டன.

"என்னடா இங்க நிக்கிற?"

"சார், ஸ்கூலுக்குப் போகாதீங்க. ஹெட்மாஸ்டர் செத்துட்டாரு."

"என்னது? எப்படிடா?"

"நடந்து வந்தாரு, சார்."

"நடந்து வந்து?"

"செத்துட்டாரு."

இதைவிட மட்டமான ஒரு மரணத்தை நான் அதற்குப் பிறகும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் டிரில் சார் தொப்பியைக் கழற்றிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர். அது என் திட்டத்தில் இல்லை. "எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர்டா" என்றார். எழுந்து ஸ்கூல் பக்கம் வராமல் மாட்டுங்கா பக்கம், ஹெட்மாஸ்டர் வீட்டைப் பார்த்து நடந்தார். ஆனாலும் மனசில் ஒரு குரல்: ஒரு ஆள் குறைஞ்சாச்சு, டீச்சருக்கு வேலை உண்டு.

நான் திரும்பி ஓடி வந்தபோது டீச்சர் குடையோடு கேட்டைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார். யாரும் தடுக்கவில்லை. பார்த்தீர்களா, என் கணக்கு சரி! கேட்டில் பெண்கள் இருபது பேர் இருக்கும். கூடவே இன்னொரு கூட்டம் வந்து சேர்ந்தது. அன்றைக்கு மில்லில் பேர் கூப்பிடப்படாத பத்லிகள், கனமான டப்பாக்களோடு. அப்பாவும் அதில்.

ஹெட்மாஸ்டர் வெளியே வந்தார். ஜரிகைத் தொப்பி, கறுப்புக் கோட்டு, பரிபூரண உயிரோடு. நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டேன்.

"எதுக்கு எல்லாரும் வந்திருக்கேள்?"

எதிர்வீட்டு அத்தைதான் ஆரம்பித்தாள். "எங்க டீச்சர எதுக்கு ஐயா பத்லி ஆக்குனிய?"

"நான் ஆக்கலைம்மா. மேலேர்ந்து ஆர்டர்."

"மேலேருந்து வந்தா? பதினோரு வருசம் பர்மனெண்டா இருந்தவுகள வெளிய நிக்க வச்சிருவியளோ?"

"வெளியே யாரு நிக்க வைக்கறா? அவா செம்பூருக்குன்னா போறா!"

"அப்ப செம்பூர் கேட்டுல நிக்கணுமோ?"

ஹெட்மாஸ்டருக்குத் தலை சுற்றிவிட்டது. சத்தம் கேட்டு வெளியே வந்த டீச்சருக்குத்தான் முதலில் புரிந்தது. குடையை அப்படியே தரையில் கவிழ்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டீச்சர் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. "ஐயோ, பத்லின்னா இங்கே மாற்றல்ம்மா. இந்த ஸ்கூலிலிருந்து இன்னொரு ஸ்கூலுக்கு. நான் பர்மனெண்ட்தான். என்னை யாரும் இறக்கலை. யாரு சொன்னா உங்களுக்கு?"

இருபது தலைகள் திரும்பின. தண்ணீர்த் தொட்டி ரொம்பச் சின்னது என்று அப்போதுதான் கவனித்தேன். "மூதேவி" என்றாள் அம்மா, சத்தமில்லாமல், உதட்டால் மட்டும். கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. முதுகைத் திருப்பி நாலைந்து பேர் நடக்கவும் தொடங்கிவிட்டார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

எதிர்வீட்டு அத்தை மட்டும் நகரவில்லை. "சரி ஐயா. மாத்தல்னே வச்சுக்குவோம். இவுக எடத்துல நிக்கப்போற பத்லி யாரு?"

ஹெட்மாஸ்டர் கோட்டுப் பொத்தானைத் திருகினார். "அது... ஆர்டர்ல போடலை."

"போடலைன்னா?"

"நாலாம் வகுப்பை இப்பவே மூடிட்டு, பசங்களைப் பக்கத்து ஹிந்தி ஸ்கூல்ல சேர்த்துடலாம்னு பேச்சு."

சிரிப்பு நின்றது. நடந்தவர்கள் திரும்பி வந்தார்கள். எனக்குக் குர்லா மாமாவின் கை மணிக்கட்டில் பட்ட மாதிரி இருந்தது.

அப்பா கூட்டத்தில் பேசுகிற ஆளே இல்லை. அன்றைக்குப் பேசினார். "ஐயா, மில்லுல ஒருத்தன் மிசின விட்டுப் போனா அந்த மிசின்ல ஒரு பத்லி நிக்கணும். அதுதான் மொற. மிசின் சும்மா நிக்கப்படாது. பஞ்சு ஓடுத மிசினுக்கே அப்பிடின்னா, இங்க நாப்பது பிள்ளைய நிக்கு."

"நான் ரெண்டு தடவை எழுதிப் போட்டாச்சு. பதில் வரலையே, நான் என்ன பண்றது?"

"நீங்க எழுதுங்க. பதிலு வார வரைக்கும் எங்களுக்கு இங்கதான் சாப்பாடு."

சொல்லிவிட்டு ஆபீஸ் ரூம் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்தார். மற்றவர்களும் வரிசையாக உட்கார்ந்து திறந்தார்கள். கருவாட்டு வாசனை எழும்பி, ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து, ஹெட்மாஸ்டரின் மேஜை வரைக்கும் போனது. அவர் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, "இது அநியாயம்" என்றார். "ஆமா ஐயா, அதச் சொல்லத்தான் வந்திருக்கோம்" என்றாள் அத்தை.

அந்த நேரத்தில்தான் கேட்டுக்குள் டிரில் சார் நுழைந்தார். கழுத்தில் போட்டால் முழங்கால்வரை தொங்கக்கூடிய ஒரு சம்பங்கி மாலையோடு. ஹெட்மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டி, "மாமி, தைரியமா இருங்கோ" என்று சொல்லியிருக்கிறார். ஈரக் கையோடு வந்த மாமி, "நான் தைரியமாத்தானே இருக்கேன், அவர் டிபன் டப்பாவை மறந்துட்டுப் போயிட்டார், கொண்டு கொடுத்துடறேளா?" என்று கேட்டிருக்கிறாள். ஒரு கையில் மாலை, ஒரு கையில் டிபன், கண் என்னைத் தேடியது. கண்டுபிடித்தது.

"எதுக்குய்யா மாலை?" என்றார் ஹெட்மாஸ்டர்.

ஒரு வார்த்தை போதும், என் கதை முடிந்திருக்கும். டிரில் சார் கூட்டத்தைப் பார்த்தார், திறந்த டப்பாக்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டீச்சருக்கு, சார். செம்பூர் போறாங்கள்ல."

டீச்சர் மாலையின் நீளத்தைப் பார்த்தார். "நான் செம்பூருக்குத்தான் போறேன் சார். ஒரேயடியாப் போகலை."

அன்றைக்கு இடைவேளையில் என் காது பழுக்கப் பழுக்கத் திருகப்பட்டது. எதற்கு என்று டிரில் சார் யாரிடமும் சொல்லவில்லை, கடைசிவரை. இல்லாமல் போனால் நஷ்டமில்லை என்று நான் தேர்ந்தெடுத்த மனுஷர்.

அந்த வாரம் முழுக்க டப்பாச் சாப்பாடு நடந்தது. பதில் வரவில்லை. சனிக்கிழமை டீச்சர் போய்விட்டார். போகும்போது குடையை மூடப் பார்த்தார், அன்றைக்கும் மூட வரவில்லை. திங்கட்கிழமை நாங்கள் நாற்பது பேரும் வகுப்பில் உட்கார்ந்திருந்தோம். நாற்காலி காலி. மூலையில் குடை கிடந்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. ஹெட்மாஸ்டர் பயந்தாங்கொள்ளி என்று அதுவரை நாங்கள் எல்லோரும் தீர்மானமாக இருந்தோம். அவர் மெதுவாக நடந்து கேட்டுக்குப் போனார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாலாம் வகுப்புக்குப் பத்லி யாராவது உண்டா?"

டப்பாவோடு வெளியே நின்றிருந்த அப்பா ஒரு அடி முன்னால் வந்தார். "இருக்கேன் ஐயா."

"எழுதப் படிக்கத் தெரியுமோ?"

"வேதம் வாசிப்பேன். கணக்கு வாயால போடுவேன்."

"உள்ளே போங்கோ."

நான் நம்பின பைத்தியக்காரத்தனம் அப்படியே, டப்பாவோடு, கேட்டோடு, கூப்பிடுகிற குரலோடு என் கண் முன்னால் நடந்தது. மில்லுக்குப் போடுகிற அதே அரைக்கால் சட்டை. அப்பா வகுப்புக்குள் வந்து நாற்காலியில் உட்காரவில்லை. "நான் நின்னு பழகுனவன்" என்றார். அறுந்த நூலை ஒரு கையால் முடிச்சுப் போடுவது எப்படி என்று காட்டினார். தறியில் நிமிஷத்துக்கு இத்தனை தடவை நூல் நாடா குறுக்கே ஓடினால் மணிக்கு எத்தனை என்று பெருக்கச் சொன்னார். என்னைப் பார்க்கவே இல்லை. பேசினவன் நான்தான் என்றபோது மட்டும் மூலையைக் காட்டினார். குடை இல்லாத மூலை.

அந்த வெள்ளிக்கிழமை பலகையில் பணியாளர் செய்திகள்: 'நாலாம் வகுப்பு: பத்லி. பிள்ளைகள் நலம்.' ரிஜிஸ்டரில் எழுத ஹெட்மாஸ்டருக்கு அதிகாரமில்லை. பலகையில் எழுதினார்.

மறு வாரம் மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். ஜன்னலுக்குக் கீழே வரிசையாக டப்பாக்கள், உள்ளே கரும்பலகை முன்னால் அரைக்கால் சட்டையில் ஒரு ஆள். "தும் கௌன்?" என்று கேட்டார், நீ யாரென்று.

"பத்லி, சாப்."

"கஹாங் ஸே?" எங்கிருந்து என்கிறார்.

"மில் ஸே."

அதிகாரிக்குப் பத்லி என்றால் மாற்றல். மில்லிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு மாற்றலா? அவர் ஹெட்மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் ஹிந்தியில் சொன்னார்: "நீங்கள் வேறு யாரையும் அனுப்பவில்லையே, சாப்."

அதற்குப் பிறகு பலபேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், பத்லி என்றால் மாற்றல்தான், உனக்குப் படிக்கத் தெரியவில்லை என்று. அகராதியைக்கூட ஒருத்தர் கொண்டுவந்து காட்டினார். நான் தப்பாகப் படித்திராவிட்டால் அந்தக் கேட்டுக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள். அகராதியை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

நடந்தது இதுதான். டீச்சர் செம்பூருக்குப் போனார். ஒன்பது வேலைநாள் கழித்துப் புது டீச்சர் வந்தார். நாலாம் வகுப்பை மூடவில்லை. நான் மாட்டுங்காவுக்குப் படிக்கப் போனேன், குர்லாவுக்கு அல்ல. அந்த ஒன்பது நாளும் அப்பா மில்லில் பேர் கிடைக்காமல் இங்கே வருகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் மில்லுக்கே போகவில்லை, வீட்டிலிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்குத்தான் வந்தார் என்பதை அப்பா போனபிறகு அம்மா சொன்னாள். அந்த ஒன்பது நாளில் மில் கேட்டில் அவர் பேரை நாலு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள்.